செல்ஃபை மாற்றினால் தீருமா?

விடியற்காலை மூன்று மணி. ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று, ஆட்களும் ஏறிவிட்டார்கள். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “அண்ணே, செல்ஃப் போச்சு. கழட்டிட்டு வேற மாட்டிருவோம்.” விசைப்படகுத் துறைமுகங்களில் பழகிப்போன பேச்சு இது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அங்கே செல்ஃப் என்றுதான் பெயர். அது மக்கர் செய்தால் மாற்று என்பது எழுதாத விதி.

இந்த விதியைக் குறை சொல்லுமுன் அதன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று போல்ட், ஒரு தடித்த கேபிள், ஒரு மெல்லிய வயர். கை பழகியவர் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. இராமேஸ்வரம் பக்கம் இன்ஜின் கிளம்பாத படகு நீரோட்டத்தோடு ஒதுங்கினால் எல்லை தாண்டிய வழக்கில் போய் முடியலாம். அந்த இருட்டில் மீட்டரை வைத்து ஆராயச் சொல்வது நியாயமில்லை. கார்பன் பிரஷ் தேய்வதும், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுவதும் உண்மையாகவே நடப்பவை. அப்போது கழற்றத்தான் வேண்டும். படகில் ஸ்பேர் செல்ஃப் ஒன்று இருப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் ஒரே படகில் ஒரே வருடத்தில் மூன்றாவது செல்ஃப் போகிறதென்றால், குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும்.

செல்ஃப் சில விநாடிகளே ஓடும். ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 12 வோல்ட் அமைப்பில் அது பெரிய இழப்பு. அந்த 2 வோல்ட் 400 வாட் வெப்பமாக ஒரே ஒரு கேபிள் முனையில் இறங்குகிறது. எஞ்சிய மின்னழுத்தத்தில் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. இன்ஜின் பற்றாததால் டிரைவர் மறுபடி மறுபடி சாவியைத் திருப்ப, சுருள் காய்கிறது. செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சாலினாய்டின் உள்ளே செம்புக் காண்டாக்ட் ஒட்டி விலகி, ஒட்டி விலகி, பொறி பறந்து கருகுகிறது. ஆக, கழற்றிய செல்ஃப் உண்மையிலேயே கெட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் பொய்யில்லை. அதைக் கெடுத்தது எது என்ற கேள்விதான் கேட்கப்படாமல் போகிறது. புதிய செல்ஃபும் அதே கேபிளில்தான் மாட்டப்படுகிறது.

கடலில் அந்தக் கேபிளின் நிலைமை இன்னும் மோசம். உப்புக்காற்று ரப்பர் உறைக்குள் புகுந்து செம்பைப் பச்சைக் களிம்பாக்கிவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புதிதுபோலவே இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயம் பூசிய கேபிள்கள் படகுகளுக்கென்றே விற்கின்றன. விலை அதிகம் என்று லாரிக் கேபிளை வாங்கி மாட்டுகிறோம்.

இன்னொரு பழக்கம் ஸ்க்ரூடிரைவர் வைத்தியம். சாலினாய்டின் பெரிய முனையையும் சாவி வயர் முனையையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக் கிளப்புவது. சோதனையாகச் செய்தால் இது நல்ல தகவல் தரும்: இப்படித் தொட்டுக் கிளம்பினால் கோளாறு சாவியிலோ அதன் வயரிலோ என்று தெரிந்துவிடும். அதையே தினசரி வழக்கமாக்குவது ஆபத்து. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் தடுக்கும் சுவிட்ச் இருந்தாலும் இதில் பயனற்றுப்போகிறது. பக்கத்தில் பேட்டரி சார்ஜாகிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் கசியும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பேட்டரி சார்ஜின்றிக் கிடந்து தகட்டில் சல்பேட் படிய, அதுவே போதுமான காலம். படகுக்கு வர்ணம் அடிப்பதும் அப்போதுதான். தடைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு படகின் இன்ஜின் அறையில் இறங்கினேன். 12 வோல்ட் அமைப்பு. இரண்டு செல்ஃப் மாற்றியாகிவிட்டது, மூன்றாவதும் முனகியது. டிரைவர் சாவியைத் திருப்பியபடி இருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். நல்ல இணைப்பாக இருந்தால் அரை வோல்ட்டுக்கும் கீழே காட்ட வேண்டும். காட்டியது 1.9. எர்த் முனையைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் பிளாக்கில் பளபளவென்று புது வர்ணம், அதன் மேலேயே முனையை இறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். மீட்டர் 0.2 காட்டியது. இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பிறகு மூலையில் சாக்கில் கிடந்த பழைய செல்ஃப் இரண்டையும் எடுத்துச் சோதித்தோம். ஒன்றின் காண்டாக்ட் கருகியிருந்தது. மற்றது நன்றாகவே சுற்றியது. துடைத்து, பாலித்தீனில் சுற்றி, ஸ்பேராகப் படகிலேயே வைத்துக்கொண்டார்கள்.