நடுவர் நீங்கிய களம்: வார்ஹாமர் விதிநூலும் மூன்றாம் ஆட்டக்காரரும்

பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் உருவாக்கி 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வார்ஹாமர்’, சிற்றுருவப் படைகளை மேசைமீது நகர்த்தி ஆடும் மிகுபுனைவுப் போர் விளையாட்டாகும். அதன் முதற்பதிப்பு ஆட்டத்தை நடத்த நடுவர் ஒருவரை எதிர்பார்த்தது. பிந்தைய பதிப்புகளோ, விதி குறித்த பூசல் தீராவிடில் பகடை உருட்டித் தீர்க்குமாறு பணித்தன. இருவர் ஆடுங்கால் இது போதும்; பகடைக்குச் சார்பில்லை. நண்பர் மூவர் தனித்தனிப் படைகளோடு மோதும்போது, பகடையை எடுக்குமுன்பே மூன்றாமவரின் கருத்துக் கேட்கப்படுகிறது. வில்லாளருக்கு எதிர்ப்படை புலப்படுகிறதா என்னும் சிற்றையத்திலும் அவர் சொல் ஒரு படையைக் காக்கும், மற்றொன்றை வீழ்த்தும். அவரும் வெல்ல விழைபவரே. இதனை நட்பின் குறையாகக் காண்பது பொருந்தாது. இருவரை மட்டுமே எண்ணிய விதியின் குறை இது. பலர் ஆடும் ஆட்டத்திற்கேனும் முதற்பதிப்பின் நடுவரைத் தக்கவைத்திருக்கலாம்.