மதிப்பெண் உயர்ந்தால் முதலிடம் கிட்டுமா?

மாமல்லபுரத்தில் தந்தை சிற்பப் பட்டறை நடத்திவரும் மாணவர் ஒருவர், அண்மையில் ஒரு விளம்பரத் தாளை என்னிடம் காட்டினார். ‘உங்கள் இணையப் பக்கத்தின் பேஜ் அத்தாரிட்டி மதிப்பெண்ணை 40-க்கு உயர்த்தித் தருகிறோம், கூகுளில் முதலிடம் உறுதி’ என்பது அதன் சாரம். கேட்ட கட்டணமோ பட்டறையின் இரண்டு மாத வருவாய்! இக்கூற்று அறிவியலுக்கு ஒத்ததுதானா? சற்று ஆராய்வோம்.

இம்மதிப்பெண்ணை அளிப்பது கூகுள் அன்று. மோஸ் என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனம். ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளைத் தானே திரட்டி, அப்பக்கம் தேடலில் எவ்வளவு முன்னே வரக்கூடும் என்பதை 1 முதல் 100 வரையிலான எண்ணால் அது ஊகிக்கிறது. கூகுள் இவ்வெண்ணைப் பயன்படுத்துவதில்லை. மோஸ் நிறுவனமே இதனை ஒப்புக்கொள்கிறது. வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் வைத்தால் நோயாளியின் காய்ச்சல் தணிந்துவிடுமா?

அப்படியானால் இணைப்புகளுக்கு மதிப்பே இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ராங்க் முறை, ஒவ்வோர் இணைப்பையும் ஒரு வாக்காகக் கொண்டது. பல வாக்குகள் பெற்ற பக்கம் அளிக்கும் வாக்குக்கு எடை அதிகம். கூகுள் இன்றும் இதனைத் தன் பல முறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆயினும், 0 முதல் 10 வரை பொதுமக்களுக்குக் காட்டிவந்த பேஜ்ராங்க் எண்ணை 2016-இல் நிறுத்திவிட்டது. எண் வெளியே தெரிந்ததால் இணைப்புகளை விலைக்கு விற்கும் வணிகம் பெருகியிருந்தது. அவ்வாறு உயர முயன்ற தளங்களைக் கீழே தள்ளவே 2012-இல் பெங்குவின் என்னும் திருத்தம் வந்தது.

அடிப்படைத் தவறு வேறொன்று. மாமல்லபுரத்துச் சின்னங்களை யுனெஸ்கோ 1984-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பற்றிய யுனெஸ்கோ பக்கத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் இணைப்புகள் உண்டு. ஆனால், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தின் நேரத்தைத் தேடுபவருக்கு அப்பக்கத்தால் என்ன பயன்? பக்கத்தின் மதிப்பெண் ஒன்றே. தேடுவோரின் கேள்விகளோ பல. கேள்விக்குக் கேள்வி வரிசை மாறும்போது, மாறாத ஓர் எண் எங்ஙனம் இடத்தை உறுதிசெய்யும்?

மேலும், இது மடக்கை அளவுகோல். 20-லிருந்து 30-க்கு ஏறுவது எளிது. 70-லிருந்து 80-க்கு ஏறுவது மிகக் கடினம். நிலநடுக்கத்தின் ரிக்டர் அளவையை நினைவுகொள்க. எனவே 40 என்பது 80-இல் பாதி அன்று. போட்டியாளர் பக்கங்களோடு நம் பக்கத்தை ஒப்பிட இவ்வெண் ஓரளவு உதவும், அவ்வளவே.

“பணத்தைக் கொடுத்துவிடாதே, தம்பி. சிலையின் கல் எது, உயரம் எவ்வளவு, செதுக்க எத்தனை நாள், வெளியூருக்கு எப்படி அனுப்புவீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுது. மாமல்லபுரம், மகாபலிபுரம் என இரு பெயராலும் மக்கள் தேடுவார்கள், இரண்டையும் குறிப்பிடு” என்று மாணவரிடம் கூறினேன்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் அறிந்த ஒரு பக்கத்தை மூன்று வெவ்வேறு கேள்விகளால் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் அது எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளுக்கான விடை அக்குறிப்பிலேயே கிடைத்துவிடும்.