படம் பார்த்துப் பழகியவர்கள்

ஜேம்ஸ் பொண்ட் பட வரிசையில் 1985 இல் வந்தது ‘எ வியூ டு எ கில்’. டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று படம் ஓட்டிய காலம் அது. முதல் இரண்டும் தமிழ்ப்படம். விடியப்புறத்தில், சின்னப்பிள்ளைகள் பாயிலே சரிந்த பிறகு, யாரோ ஒரு அண்ணர் ஆசைப்பட்டு எடுத்துவந்த இங்கிலீசுப் படம். அப்படித்தான் பனியில் பலகை ஓடுவதை வன்னியில் சிலர் முதன்முதலாகப் பார்த்தோம். சைபீரியப் பனியில் பொண்ட் துரத்தப்படுகிறார். அவர் ஏறிய பனி மோட்டார் வண்டி வெடித்துச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு சறுக்குத் துண்டை எடுத்துக் காலுக்குக் கீழே போட்டு, நின்றபடியே மலையிறங்குகிறார். கையில் ஊன்றுகம்பு இல்லை. இரண்டு காலுக்கும் ஒரே பலகை. கடைசியில் தண்ணீருக்கு மேலாலும் வழுக்கிப்போய் அக்கரை சேர்கிறார்.

அந்தப் பலகையில் நின்றது பொண்டாக நடித்த ரொஜர் மூர் அல்ல, கலிபோர்னியாவைச் சேர்ந்த டொம் சிம்ஸ். ஸ்கேட்போர்ட்டிலிருந்து பனிக்கு வந்தவர், சொந்தமாகப் பலகை செய்து விற்றவர். பனிப்பலகை என்றொரு பொருள் இருப்பதே உலகத்தில் பலருக்கு அந்தச் சில நிமிடங்களால்தான் தெரியவந்தது. எந்தப் போட்டியும் அதுவரை அவ்வளவு பேரிடம் அதைக் கொண்டுபோகவில்லை.

அந்தத் தண்ணீர்க் காட்சியை ஒரு விளையாட்டுக்காரனின் கண்ணால் திரும்பப் பாருங்கள். பலகையின் மூக்கு அமிழ்ந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். மூக்கு நிமிர்ந்திருக்க வேண்டுமானால் பாரம் பின்காலில் இருக்க வேண்டும்; வேகம் குறையவும் கூடாது. ஆழமான புதுப்பனியில் ஓடுபவர்களுக்கும் இதே கணக்குத்தான், அலையில் சறுக்குபவர்களுக்கும் இதே கணக்குத்தான். முல்லைத்தீவுக் கரையில் கட்டுமரம் அலையோடு கரைக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னால் எழும் அலையைத் திரும்பிப் பார்த்து, அது மரத்தைத் தூக்கும் கணத்தில் உடம்பைப் பின்னுக்கு எடுப்பார்கள். கொஞ்சம் பிந்தினாலும் மூக்குக் குத்தி மரம் புரண்டுவிடும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இது பாடமாக இருந்ததில்லை. தகப்பன் செய்ததைப் பார்த்து மகன் செய்தான்.

பனிப்பலகைக்கு அப்படி ஒரு தகப்பன் இருக்கவில்லை. 1965 நத்தாரன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார். பிறகு அதன் மூக்கில் ஒரு கயிறும் வந்தது. ‘ஸ்னேர்ஃபர்’ என்று பெயர் வைத்து விற்ற அந்த விளையாட்டுச் சாமானில் பழகிய ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்ரர், 1977 இல் வெர்மொன்ற் மாநிலத்தில் சொந்தமாகப் பலகை செய்யத் தொடங்கினார். மேற்கே சிம்ஸ், கிழக்கே பேர்ட்டன். இருவருக்கும் இடையில் இருந்த போட்டியால் பலகைக்குக் கால்பூட்டு வந்தது, பிறகு உலோக விளிம்பு வந்தது. ஆனால் ஓட இடம் இல்லை. பனிச்சறுக்கு மையங்கள் பெரும்பாலும் இவர்களை உள்ளே விடவில்லை. ஆபத்தானவர்கள், ஒழுக்கம் கெட்ட பொடியள் என்று சொல்லித் துரத்தின. வெர்மொன்ற்றில் ஸ்ட்ராட்டன் மலை 1983 இல் கதவைத் திறந்தது பெரிய செய்தியானது. யூற்றா மாநிலத்தின் அல்ற்றா போன்ற ஓரிரு மையங்கள் இன்றைக்கும் பலகைக்காரரை அனுமதிப்பதில்லை.

ஆகவே பழக்குபவர் என்று ஒருவரும் கிடையாது. பலகையைத் தோளில் போட்டு மலையை நடந்தேறி, விழுந்து விழுந்து பழகினார்கள். அப்படிப் பழகியவர்களுக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் வீடியோ கசற், எங்கள் வாயில் படக்கொப்பி.

பிரான்சில் 1983 இல் வந்த ‘அப்பொகலிப்ஸ் ஸ்னோ’வை இதிலே முதலில் சொல்ல வேண்டும். ரெஜிஸ் ரோலான் ஒற்றைப் பலகையில் ஆழப்பனியைப் பிளந்துகொண்டு ஓட, வில்லன் கூட்டம் அவரைத் துரத்தும். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஐரோப்பாவில் ஒரு தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பலகை தேடிப் போனது. பிறகு அமெரிக்காவில் மைக் ஹாச்செற்றின் ஸ்ராண்டேர்ட் பிலிம்ஸ், மைக் மக்கென்ரயரின் மக் டோக் நிறுவனம் என்று ஒவ்வொன்றாக வந்தன. வசந்தம் வரை படம் பிடித்து, கோடையில் வெட்டி ஒட்டி, முதற்பனி விழுமுன் இலையுதிர் காலத்தில் கசற்றை வெளியிடுவார்கள். மலை வெள்ளையாகும்வரை பொடியள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். கை எந்த இடத்தில் விளிம்பைப் பிடிக்கிறது, தோள் எப்போது திரும்புகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அதிகமாக நிறுத்திய இடத்தில் நாடா தேய்ந்து கோடு விழும். எந்த இடத்தில் கோடு விழுந்திருக்கிறதோ அதுதான் அந்த ஊர்ப் பொடியள் படித்த பாடம்.

அந்தப் படங்களின் அமைப்பிலேயே ஒரு பெரிய நன்மை இருந்தது. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாக மூன்று நான்கு நிமிடம். அதை ‘பார்ட்’ என்பார்கள். ஒரு பருவம் முழுவதும் ஓடியதில் மிகச் சிறந்ததை அதற்குள் அடக்க வேண்டும். நடுவர் இல்லை, புள்ளி இல்லை. பார்ப்பவனுக்கு உன் ஓட்டம் நினைவில் நிற்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதனால் ஒவ்வொருவரும் தன் உடம்புக்கு உரிய நடையைத் தேடினார்கள். முகமூடியும் கண்ணாடியும் போட்டிருந்தாலும், தூரத்தில் ஒரு கரும்புள்ளி இறங்குவதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

அந்த நடையின் உச்சம் என்று நான் நினைப்பது கிறெய்க் கெல்லியை. வோஷிங்டன் மாநிலத்தின் மவுண்ற் பேக்கர் மலையில் ஓடிப் பழகியவர். 1998-99 பருவத்தில் 28 மீற்றருக்கும் மேல் பனி கொட்டி உலக சாதனை படைத்த மலை அது. கெல்லி நான்கு முறை உலக சம்பியன். அவருடைய ‘மெதட்’ பாய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையால் குதிகால் பக்க விளிம்பைப் பிடித்து, முழங்கால் மடித்து, பலகையை முதுகுப்பக்கமாக மேலே இழுப்பது. செய்தவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். கெல்லி செய்யும்போது அவசரம் தெரியாது. மேலுடம்பு ஆறுதலாக இருக்கும், வேலை எல்லாம் இடுப்புக்குக் கீழே நடக்கும். ஆகாயத்தில் அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைப்பதுபோல் தோன்றும். புகழின் நடுவிலேயே போட்டிகளை விட்டுவிட்டு, ஆளில்லாத மலைகளில் ஓடவும் அதைப் படமாக்கவும் போனார். பணமும் பட்டமும் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருவர் அப்படிச் செய்தது இந்த விளையாட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த தீர்ப்பு. 2003 ஜனவரியில் கனடாவின் ரெவல்ஸ்ரோக் அருகே பனிச்சரிவில் சிக்கி இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

அடுத்தவர் நோர்வேயின் டெர்யே ஹாகொன்சன். நோர்வே என்ற பெயர் 2002 இல் கிளிநொச்சியில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சமாதானப் பேச்சுக்காக அந்த நாட்டவர் ஏ9 வழியே வந்துபோன காலம். அதே நாட்களில் அந்த நாட்டின் இளைஞர்களுக்கு டெர்யேதான் நாயகன். அரைக்குழாய் (ஹாஃப்பைப்) போட்டியில் மூன்று முறை உலக சம்பியன். 2007 இல் ஒஸ்லோவில் பனிச்சுவரிலிருந்து எழும்பி 9.8 மீற்றர் உயரம் போனார், அதுவும் முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு. ஆனால் அவர் செய்ததில் பெரியது 1998 இல் செய்யாமல் விட்டதுதான். அந்த ஆண்டு ஜப்பானின் நகானோவில் பனிப்பலகை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நடத்தும் பொறுப்பைப் பலகைக்காரர்களின் சொந்தச் சம்மேளனத்திடம் கொடுக்காமல், பனிச்சறுக்குச் சம்மேளனத்திடம் கொடுத்தார்கள். நேற்றுவரை மலையை விட்டுத் துரத்திய உலகத்திடம் போய் நின்று புள்ளி வாங்க டெர்யே மறுத்தார். உலகத்தின் முதல்வர் இல்லாமலே அரைக்குழாய்த் தங்கம் சுவிஸின் ஜியான் சிம்மெனுக்குப் போனது. சிம்மென் நன்றாகத்தான் ஓடினார், அதில் குறையில்லை. என்றாலும் டெர்யே சொன்னது சரி என்றே நான் நம்புகிறேன். புள்ளிக்காக ஓடத் தொடங்கிய பிறகு சுற்றுகள் கூடின, ஆட்களுக்கிடையில் வித்தியாசம் குறைந்தது. இன்றைய வீரர் ஒருவர் நான்கு ஐந்து சுற்றுச் சுற்றி இறங்குகிறார். திறமை மலைக்க வைக்கிறது. யார் சுற்றினார் என்பதை எழுத்தில் பெயர் போட்ட பிறகுதான் அறிகிறோம்.

எங்கள் மண்ணிலும் அப்படி ஒரு பார்வைக் காலம் இருந்தது. 1990 இற்குப் பிறகு வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் கிடைத்தால் படம். ஒரு பந்தடிக் காட்சியை ஒருமுறை பார்த்தால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆகவே கண் அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. அடுத்தநாள் பின்னேரம் வெறுங்காலோடு பள்ளிக்கூட மைதானத்தில் அதைச் செய்துபார்த்தோம். குறைவாகப் பார்த்து அதிகமாக யோசித்த பழக்கம் அது. கைபேசியில் ஒரு மணித்தியாலத்தில் நூறு சாகசம் பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பசி வருவது கடினம். சுவிஸிலும் நோர்வேயிலும் பள்ளிக்கூடத்தோடு பனிமலைக்குப் போகும் எங்கள் பேரப்பிள்ளைகள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போது இதைத்தான் நினைக்கிறேன். அவர்களுக்கு மலை இருக்கிறது, பலகை இருக்கிறது. டெர்யேயின் பழைய படம் ஒன்றையும் யாராவது முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

தமிழ்க்கரையில் பலகை ஏறியவர்களின் கதை இன்னும் இளசு. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கி ஒரு தலைமுறையை வளர்த்தார். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மாமல்லபுரம். அங்கே வெறுங்காலில் ஸ்கேட்போர்ட் ஓடிய சிறுமி கமலி மூர்த்தியின் படத்தை ஸ்கேட்போர்ட் உலகின் பெரியவர் டோனி ஹோக் பகிர்ந்தார். கமலியையும் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ‘கமலி’ என்ற குறும்படம் 2020 இல் பிரித்தானியாவின் பாஃப்ரா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கமலி இப்போது அலைச்சறுக்குப் போட்டிகளில் ஓடுகிறார். 2025 இல் மாமல்லபுரத்திலேயே நடந்த ஆசியப் போட்டியில் கர்நாடகாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். எங்கள் தீவில் அறுகம்குடா அலைச்சறுக்குக்கு உலகமறிந்த இடம். 2018 இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. தங்கள் கரைக்கு வந்த அலையைத் தாங்களே ஓடுவது என்று அந்தப் பிள்ளைகள் எடுத்த முடிவுக்கு ஊரில் எளிதாக ஆதரவு கிடைத்திருக்காது.

முல்லைத்தீவில் அலைச்சறுக்குப் பள்ளி வருமோ, வராதோ, அது வேறு பேச்சு. 2004 சுனாமியில் கடல் எடுத்துக்கொண்டதை மறக்காத கரை அது. கடலில் விளையாடு என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்பதை வெளியிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அங்கே முதல் தலைமுறை ஓட்டக்காரர் இருக்கிறார்கள். கட்டுமரத்தை அலையில் ஏற்றிக் கரைக்கு இறக்கத் தெரிந்த பெரியவர்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பிளாஸ்ரிக் படகு வந்த பிறகு அந்த வித்தை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பாரத்தை எடுக்கும் விதம் வேறு. கரையில் நிற்பவர் தூரத்திலேயே ஆளைச் சொல்வார். கெல்லிக்கும் டெர்யேக்கும் படம் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை.

முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறது. மெதுவாக ஓட்டிக் காட்டும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஐயாமாரைக் கேட்டு, கடல் இடங்கொடுக்கும் ஒரு காலையில் எடுங்கள். நேரே முன்னால் நின்று எடுத்தால் பாரம் எங்கே போகிறது என்று தெரியாது, பக்கவாட்டில் நில்லுங்கள். அலை எழும் இடத்திலிருந்து மணலில் மரம் நிற்கும்வரை ஒரே தொடராக எடுங்கள். பாட்டுப் போட வேண்டாம், கடலின் சத்தமும் அவர்கள் கூப்பிடும் சத்தமும் இருக்கட்டும். மரம் புரண்டால் அதையும் வெட்டாதீர்கள்.