தழும்புக்கு முன்னால் வரும் ஸ்டீராய்டு

ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும் விரைப் புற்றுநோய்க்கும் தரப்படும் பிளியோமைசினை 1960-களில் ஜப்பானில் ஹமாவோ உமெசாவாவின் குழு கண்டறிந்தது. இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி நுரையீரலில் மிகக் குறைவு. அதனால் சில நோயாளிகளுக்கு அங்கே தழும்பு விழுகிறது. அந்தப் பக்கவிளைவையே ஆய்வாளர்கள் சோதனைக் கருவியாக்கிக்கொண்டார்கள். மயக்கத்தில் கிடக்கும் சுண்டெலியின் மூச்சுக்குழலில் கொஞ்சம் பிளியோமைசினைச் செலுத்தினால் மூன்று வாரத்தில் நுரையீரல் தழும்பேறிவிடும்.

முதல் வாரத்தில் நடப்பது அழற்சி. காற்றறைகளை வெள்ளணுக்கள் மொய்க்கும். ஒன்பது, பத்தாம் நாள் வாக்கில் நார்செல்கள் கொலாஜனைக் கொட்டத் தொடங்கும். தொடக்கத்திலேயே டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் அழற்சி அடங்குகிறது. பல சோதனைகளில் தழும்பும் குறைகிறது.

இந்த எலிச் சோதனையின் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. இந்த வகைத் தழும்புக்கு அழற்சியே வழிவகுக்கிறது என்பதை இம்முறை தெளிவாகக் காட்டியது. செலவு குறைவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும். பிளியோமைசின் எடுக்கும் நோயாளிக்கு நுரையீரல் அழற்சி வந்தால் மருத்துவர்கள் இன்றும் ஸ்டீராய்டைத்தான் நாடுகிறார்கள்.

கோளாறு, மருந்து கொடுக்கும் நாளில் இருக்கிறது.

காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயில் (ஐபிஎஃப்) மூச்சிரைப்போடு மருத்துவரிடம் வருபவருக்குத் தழும்பு ஏற்கெனவே விழுந்திருக்கும். அவருக்கு முதல் நாள் என்று ஒன்று கிடையாது. 1980 முதல் வந்த 240 ஆய்வுகளை அலசிய 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், 222 ஆய்வுகள் ஏழு நாளுக்குள் மருந்தைத் தொடங்கியவை. அதற்குப் பிறகு தொடங்கியவை வெறும் 13. எலிகளில் பத்தாம் நாளுக்குமேல் தொடங்கிய பிரட்னிசோலோன் தழும்பைக் குறைக்கவில்லை.

மனிதர்களிடம் கிடைத்த பாடம் கசப்பானது. அமெரிக்காவின் பாந்தர் சோதனையில் ஸ்டீராய்டான பிரட்னிசோன், அசத்தயோபிரின், அசிட்டைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்து எடுத்த 77 ஐபிஎஃப் நோயாளிகளில் 8 பேர் இறந்தார்கள்; போலி மருந்து எடுத்த 78 பேரில் ஒருவர். 2011-ல் அந்தப் பிரிவு நிறுத்தப்பட்டது. மூன்று மருந்துகள் கலந்திருந்ததால் பழி முழுவதையும் ஸ்டீராய்டு மேல் போட முடியாது. ஆனால் அழற்சியை அடக்கினால் தழும்பும் அடங்கும் என்ற நம்பிக்கை அங்கே பலத்த அடி வாங்கியது.

நாளை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இமாட்டினிப் சாட்சி. எலிகளில் தாமதமாகத் தொடங்கியும் பலித்த அந்த மருந்து, ஐபிஎஃப் நோயாளிகளிடம் தோற்றது. ஒரே காயத்தில் விழும் எலித் தழும்பு நாளடைவில் ஓரளவு தானே கரையும். மனிதரின் தழும்போ வளர்ந்துகொண்டே போகும்.

அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2017 அறிக்கை இந்த எலிச் சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. தழும்பு உருவாகத் தொடங்கிய பிறகு மருந்தைச் சோதிக்கச் சொன்னது. ஆய்விதழ்களும் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். முதல் நாள் ஸ்டீராய்டு கொடுத்துக் கிடைத்த முடிவை அழற்சித் தடுப்பு என்றே வெளியிடட்டும். தழும்புக்கான சிகிச்சை என்ற தலைப்பில் அச்சேற்ற வேண்டாம்.