கோலத்தின் வடிவும் நந்தவனத்தின் பயனும்: பண்பாட்டுத் தோட்டங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

பொதுப் பூங்காக்களில் ஒவ்வொரு பண்பாட்டிற்கும் தனித்தனியே தோட்டம் அமைத்துக் காட்டும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. சீனத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், இந்தியத் தோட்டம் என்னும் பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்விச் சுற்றுலாவில் அழைத்துச் செல்லப்படும் மாணவர், அப்பலகைக்குப் பின்னால் உள்ளதே அப்பண்பாட்டின் தோட்டக்கலை எனக் கொள்கின்றனர். ஆகவே, அத்தோட்டங்கள் எதனைக் காட்டுகின்றன, எதனை விட்டுவிடுகின்றன என்பது தமிழாசிரியர்க்கும் உரிய வினாவாகும். சிங்கப்பூர்த் தோட்டங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகிறது.

முதலில் ஜூரோங் ஏரிப் பகுதியின் இரு தோட்டங்களை நோக்குவோம். ஜப்பானியத் தோட்டம் 1973ஆம் ஆண்டிலும் சீனத் தோட்டம் 1975ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. புதுப்பிக்கப்பட்டபின் 2024ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டன. ஜப்பானியத் தோட்டத்தை வடிவமைத்த கின்சாக்கு நக்கானே, அந்நாட்டின் அடாச்சி அருங்காட்சியகத் தோட்டத்தையும் உருவாக்கியவர். சீனத் தோட்டத்தின் வெண்பாலம் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனைப் பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இவ்விரு மரபுகளுக்கும் எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. ஜப்பானியரின் 'சக்குத்தெய்க்கி' 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. சீனரின் 'யுவான் யே' 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜி செங் இயற்றியது. கல்லை எங்கே நிறுத்துவது, நீரை எவ்வாறு செலுத்துவது, தொலைவிலுள்ள மலையைத் தோட்டக் காட்சிக்குள் எவ்வாறு கொணர்வது என்பனவற்றை இத்தகைய நூல்கள் கற்பிக்கின்றன. எனவே கடல்கடந்து அமைக்கப்படும்போதும் இத்தோட்டங்கள் தம் நெறியிலிருந்து பெரிதும் வழுவுவதில்லை.

இந்தியத் தோட்டத்தின் நிலை வேறு. உலகப் பூங்காக்களில் அப்பெயரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் முகலாயரின் 'சார் பாக்' என்னும் அமைப்பே. 'நான்கு தோட்டம்' என்று பொருள்படும் இப்பாரசீகப் பெயர், நீர்க்கால்களாலோ நடைபாதைகளாலோ நான்காகப் பகுக்கப்பட்ட சதுர நிலத்தைக் குறிக்கும். டெல்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறைத் தோட்டம் இதற்கு நல்ல சான்று. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரப் பூங்காவிலும் இந்தியாவின் சார்பில் இவ்வமைப்பே இடம்பெற்றுள்ளது. அழகிய மரபுதான், எனினும் தென்னாட்டு மாணவர் வழிவந்தோர் தம் பாட்டன் பாட்டியர் அறிந்த தோட்டத்தை அதிற் காண இயலாது.

இப்பின்னணியில், 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களின் மரபுடைமைத் தோட்டங்கள் ஒரு மாற்றத்தைக் காட்டுகின்றன. இந்தியர், சீனர், மலாய்க்காரர், குடியேற்ற ஆட்சிக்காலம் என நான்கு தோட்டங்கள் அங்கு உள்ளன. இந்தியத் தோட்டத்தின் தரையமைப்புக்குக் கோலமே அடிப்படை. முகலாய அரண்மனையை விடுத்து, வீட்டு வாசலிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்ட துணிவு பாராட்டத்தக்கது.

ஆயினும், இத்தேர்வில் ஒரு குறையும் உண்டு. கோலம் என்பது வடிவம் மட்டுமன்று. அது ஒரு செயல். விடியலில் வாசல் தெளித்து இடப்படுவது. மாலைக்குள் கால்பட்டு அழிவது. மறுநாள் புதிதாக இடப்படுவது. இடுபவரின் கைத்திறனும் அழிவை ஏற்கும் மனமும் அதன் பொருளில் அடங்கும். செடியாலும் கல்லாலும் நிலைநிறுத்தப்பட்ட கோலத்தில் வடிவம் எஞ்சுகிறது, செயல் மறைகிறது. மேலும், நின்ற நிலையில் கீழ்நோக்கிக் காணவேண்டிய கோலத்தின் உள்ளே நடந்து செல்வோர்க்கு அதன் முழுமை எளிதில் புலப்படாது. அது வரைபடத்திலேயே தெளிவாக விளங்கும்.

அவ்வாறாயின், தமிழ் மரபில் தோட்டம் எங்கே உள்ளது? தமிழில் தோட்ட அமைப்பை விதித்துரைக்கும் நூலைத் தேடுவதினும், செடிகொடிகளோடு மக்கள் கொண்ட உறவைத் தேடுவதே பயன்தரும் எனலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் பட்டியலிடப்படுகின்றன. அவை பாத்தி கட்டி வளர்க்கப்பட்டவை அல்ல. தலைவியும் தோழியும் அருவியாடியபின் பறித்துப் பாறையில் குவித்தவை. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பேணிய நந்தவனம், இறைவனுக்கு மாலை தொடுப்பதற்கென அமைந்தது. கோயில் நந்தவனங்களைப் பேணுதற்கு நிலம் அளிக்கப்பட்டமையைச் சோழர்காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இவை அனைத்திலும் மலர் பறிக்கப்படுகிறது, தொடுக்கப்படுகிறது, அளிக்கப்படுகிறது. காண்பதற்கு மட்டுமே உரிய பொருளாக அது நிற்பதில்லை.

பொதுப் பூங்காவில் மலர் பறிக்க இசைவளிக்க இயலுமா என்று சிலர் வினவக்கூடும். நாள்தோறும் திரளான மக்கள் வந்து செல்லும் இடத்தில் அது இயலாதுதான். ஆனால், செயலைக் காட்சிப்படுத்த வேறு வழிகள் உண்டு. மேற்குறித்த ஹாமில்டன் பூங்காவிலேயே மவோரியரின் 'தே பராபரா' தோட்டம் இதற்குச் சான்றாகிறது. மவோரியர்க்கு அலங்காரத் தோட்டம் ஒன்றைக் கற்பித்துக் கூறாமல், சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பயிரிட்டுச் சேமிக்கும் அவர்தம் உழவு முறையையே அங்குத் தோட்டமாக வைத்துள்ளனர். அதே நெறியில் ஒரு நந்தவனத்தை அமைத்தால், பூந்தோட்டப் பணியாளர் பறித்த மலரை மாணவர் தொடுத்துப் பழகலாம். அங்குக் கோலமும் நாள்தோறும் புதிதாக இடப்படலாம். வடிவத்தை வழங்கிய பண்பாட்டின் வாழ்வுமுறையும் அதனோடு இடம்பெறும்.

அத்தகைய தோட்டம் அமையும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டுவதில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் அத்தலத்தின் தலமரமாகப் போற்றப்படுவதுமான தில்லை மரம், உப்பங்கழியோரச் சதுப்புநிலத் தாவரம். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலிலும் தில்லை உண்டு. அம்மரம் மலேசிய, சிங்கப்பூர்ச் சதுப்புநிலக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால், மலாய்மொழியில் குருட்டுத்தன்மையைச் சுட்டும் 'புத்தா-புத்தா' என்னும் பெயரால் வழங்குகிறது. ஒரே மரத்தை ஒரு மொழியினர் கோயிலோடும் மற்றொரு மொழியினர் எச்சரிக்கையோடும் இணைத்துள்ளனர். தொடாமல் சற்று விலகி நின்று அதனை மாணவர்க்குக் காட்டி, இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து விளக்குவது, எந்தப் பெயர்ப்பலகையும் தராத பாடமாக அமையும். இந்தியத் தோட்டம் என்னும் பலகையின் முன் மாணவரை நிறுத்துவதற்கு முன்னரே இப்பாடம் தொடங்கப்பட வேண்டும் என்பது நம் கருத்து.