கரடிக்குத் தேவை தேனா, வேலையா?

கோடையில் வண்டலூர் பூங்காக் கரடிகளுக்குத் தர்பூசணியும் பழம் போட்டு உறையவைத்த ஐஸ் கட்டியும் கொடுப்பது வழக்கமான செய்தி. வெக்கைக்கு அது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ‘உணவுவழிச் செறிவூட்டல்’, அதாவது தீனியைத் தேடிப் பெறும் வேலையையும் சேர்த்துக் கொடுப்பது, நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தேன் கரடியின் மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்தப் பல் சந்து வழியாகக் கரையானை உறிஞ்சும். சத்தம் 100 மீட்டர் தாண்டியும் கேட்கும். ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க்கும் இரவெல்லாம் அலைந்து, புற்றைத் தோண்டிக் கரையான் தின்கிற பிராணி. இவற்றுக்குத் தட்டில் கஞ்சி வைத்தால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். மிச்சப் பொழுதை என்ன செய்யும்? ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக நடக்கும். சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலை 1985-இல் வண்டலூரின் சுமார் 510 ஹெக்டேருக்கு மாறியபோது விலங்குகளுக்கு இடம் கிடைத்தது. இடம் மட்டும் போதாது, செய்ய வேலையும் வேண்டும்.

1963-இல் ஜென்சன் என்பவர் எலிகளிடம் செய்த சோதனை இதற்கு வலுச் சேர்க்கிறது. பக்கத்திலேயே தீனி சும்மா கிடந்தும், பல எலிகள் நெம்புகோலை அழுத்திப் பெறுவதையே விரும்பின. துளையிட்ட மரக்கட்டையில் தேனைத் தடவிக் கொடுத்தால் கரடியும் அப்படித்தான்: உதட்டைக் குழலாக நீட்டித் துளையில் வைத்து இழுக்கும், வராவிட்டால் கட்டையைப் புரட்டி அடுத்த துளைக்குப் போகும்.

இந்த முறையின் குறைகளும் சின்னவை அல்ல. தினசரி உணவில் கழிக்காமல் தேனைக் கூடுதலாகக் கொடுத்தால் உடம்பு பெருக்கும். ஒரே கட்டையை ஒரே இடத்தில் வைத்தால் சில நாளில் சூட்சுமம் பிடிபட்டு, விளையாட்டு முடிந்துவிடும். வலுத்த கரடி மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பெரிதாகப் படுவது நேரம்தான். பார்வையாளர் கூடும் பகலில் கொடுப்பது நமக்கு வசதி. தேன் கரடி இரை தேடுவதோ பெரும்பாலும் இரவில். இன்னொன்று, கரடியாட்டத்திலிருந்து மீட்கப்பட்டு பன்னர்கட்டா போன்ற மையங்களில் வளர்பவற்றில் பல, பற்கள் உடைக்கப்பட்டவை. அவற்றுக்குக் கடினமான கட்டை வதைதான்.

வண்டலூர் பக்கம் மழை விட்டதும் ஈசல் கிளம்பும் மண், புற்றுக்குப் பஞ்சமில்லை. அதற்காகக் காட்டுப் புற்றுகளை வெட்டிக் கொண்டுவரக் கூடாது. பாம்புக்கும் உடும்புக்கும் அவைதான் வீடு. களிமண்ணில் புற்றுப்போல் கட்டி, அன்றைய தீனியில் ஒரு பங்கை உள்ளே பல இடங்களில் ஒளித்து, கரடி உடைத்த பிறகு வேறிடத்தில் மறுபடி கட்டலாம். இதில் பொருட்செலவு குறைவு, ஆள் வேலைதான் அதிகம். கூண்டு கழுவி, தீனி வெட்டி ஓய்ந்த ஊழியரிடமே இதையும் சுமத்தினால் ஒரு மாதம்கூட ஓடாது. இதற்கென்று மாலையில் தனி ஆள் போட வேண்டும்.