லாசிக் சிகிச்சை: நோயாளியையே கேட்டறிந்த ஓர் ஆய்வு

கிட்டப்பார்வை உடையவர் லேசர் சிகிச்சை செய்துகொண்டால், கண்ணாடி இன்றியே எழுத்துப் பலகையின் கீழ்வரிகளைப் படித்துவிடலாம் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது உண்மைதான். ஆனால் நாம் நாள் முழுவதும் எழுத்துப் பலகையையா பார்த்துக்கொண்டிருக்கிறோம்? இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறதே!

இதை முறையாக ஆராய்ந்ததே 'பிரவுல்' என்னும் அமெரிக்க ஆய்வின் சிறப்பாகும். அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தேசியக் கண் ஆய்வு நிறுவனம், பாதுகாப்புத் துறை ஆகியவை கூட்டாக நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2017இல் அச்சேறின. கடற்படையினர் 262 பேரும் பொதுமக்கள் 312 பேரும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வினாத்தாள்களை நிரப்பித் தந்தனர்.

பார்வை திருப்தி அளிக்கிறது என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். எனினும், முன்பு எவ்விதத் தொல்லையும் இல்லாதிருந்தவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேருக்கு, மூன்றாம் மாதத்தில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், இரட்டை உருவம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இத்தொல்லைகளால் அன்றாட வேலைகள் பெரிதும் தடைப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவே.

நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு செய்தி. தொல்லையை மருத்துவரிடம் நேரில் சொன்னவர்களைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டோர் அதை வினாத்தாளில் எழுதியிருந்தார்கள்! 'எங்களிடம் யாரும் குறை சொன்னதில்லை' என்னும் விளம்பர வாசகத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

கண் உலர்ச்சிக்குக் காரணம் தெளிவானது. கண்ணின் முன்புறம் உள்ள கார்னியா என்னும் ஒளிபுகு படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதில் மெல்லிய மடல் ஒன்றை அறுத்துத் தூக்கி, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசரால் அடியிலுள்ள திசுவை ஆவியாக்குகிறார்கள். ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். (படலம் மெலிந்தவர்களுக்கும் கூம்பிய கார்னியா உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சை கூடாது என்பது இதனால்தான்.) மடலை அறுக்கையில் நுண்ணரம்புகளும் அறுபடுகின்றன, கண் உலர்ந்ததை உணர்ந்து நீர் சுரக்கச் செய்பவை அவையே. முன்பு உலர்ச்சி இல்லாதவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் மூன்றாம் மாதத்தில் அதனைக் குறிப்பிட்டனர்.

இவ்வாய்விலும் குறை உண்டு. பொதுமக்களை மூன்று மாதமும் கடற்படையினரை ஆறு மாதமும்தான் கவனித்தார்கள். நரம்புகள் மீள அதற்கும் மேல் ஆகலாம். ஆகவே சில தொல்லைகள் பின்னர் தணிந்திருக்கக்கூடும். மாறாக, ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நீடித்த வலி 574 பேரிடம் தென்படாமலே போகலாம்.

மேலும், பங்கேற்றவர்களின் சராசரி வயது 30ஐ ஒட்டியதே. 45 வயதுக் கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். இரு கண்களையும் தூரப்பார்வைக்கெனச் சரிசெய்துகொண்டால், அதற்கே அவர் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். அவருக்கு இந்த ஆய்வில் விடை இல்லை.